பிள்ளைகளுக்கு விண்மீன் கூட்டங்களைக் காட்டுவது எப்படி? மொட்டை மாடியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் எங்கள் தெருப் பிள்ளைகளை மாடிக்கு அழைத்துப்போய் வானம் காட்டத் தொடங்கி ஒன்பது வருடமாகிறது. பிள்ளைகள் கேட்பது ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்கும். கூட வரும் அப்பா அம்மாக்கள் கேட்பதுதான் ஒரே மாதிரி. அதையெல்லாம் அவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன். இடம், நேரம் எல்லாம் தமிழ்நாட்டு வானத்துக்குச் சொன்னது. யாழ்ப்பாணம் ஏறக்குறைய மதுரையின் அட்சரேகையில்தான் இருக்கிறது, அங்கேயும் இது அப்படியே பொருந்தும்.

எந்த வயசுல ஆரம்பிக்கலாம்?

நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டிய அன்றைக்கே ஆரம்பித்துவிட்டீர்கள். ஐந்து, ஆறு வயதில் நிலா வளர்வதையும் தேய்வதையும் கவனிக்கச் சொன்னால் போதும். புள்ளிகளைச் சேர்த்து ஓர் உருவமாகப் பார்ப்பது பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏழு, எட்டு வயதில்தான் பிடிபடுகிறது. அதற்கு முன்னால் வற்புறுத்தினால், நம்மைச் சந்தோஷப்படுத்த "ஆமா, தெரியுது" என்று பொய் சொல்லக் கற்றுக்கொள்வார்கள்.

எனக்கே ஒண்ணும் தெரியாது. நான் எப்படிச் சொல்லித் தர்றது?

ஒரு வாரம் முன்னால் படித்துக்கொண்டு போங்கள். ஒரே ஓர் உருவம், அதில் இரண்டு நட்சத்திரத்தின் பெயர். அன்றைக்கு அவ்வளவுதான். சர்வதேச வானியல் ஒன்றியம் வானத்தை 88 விண்மீன் கூட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. அதில் ஐந்தோ ஆறோ நன்றாகத் தெரிந்தால், வருடம் முழுக்க எந்த மாதம் அண்ணாந்து பார்த்தாலும் தெரிந்த முகம் ஒன்று இருக்கும்.

தெரியாததைப் பிள்ளை கேட்டால் "தெரியலையே, கண்டுபிடிப்போம்" என்று சொல்வதில் குறைச்சல் ஒன்றுமில்லை. கும்பம், மீனம் இரண்டும் மங்கலான கூட்டங்கள். இவற்றை எடுத்த எடுப்பில் என்னாலேயே இன்றுவரை காட்ட முடியாது.

டவுன்ல இருக்கோம். தெருவிளக்கு வெளிச்சத்துல ஒண்ணும் தெரியாதே?

ஒன்றும் தெரியாது என்பது சரியல்ல, கொஞ்சம்தான் தெரியும். புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு அது வசதி என்றே சொல்வேன். ஒரு முறை எங்கள் பிள்ளைகளைக் கம்பம் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். மாடியில் கண்ணை மூடிக்கொண்டு வேட்டைக்காரன் என்ற விண்மீன் கூட்டத்தைக் காட்டும் பிள்ளைகள், அங்கே உப்பைக் கொட்டியது போன்ற வானத்தில் அவனைத் தேடித் திணறினார்கள். நகரத்து வானம் பிரகாசமான நட்சத்திரங்களை மட்டும் மிச்சம் வைக்கிறது, நமக்கு வேண்டிய உருவங்கள் பெரும்பாலும் அவற்றிலேயே இருக்கின்றன.

ஆனால் விளக்கு நேராகக் கண்ணில் அடிக்கக்கூடாது. தண்ணீர்த் தொட்டி நிழலில் பாயை விரித்துப் படுங்கள். கண் இருட்டுக்கு நன்றாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் யாராவது போனைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்துதான். டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடிக் காகிதத்தை இரண்டு மடிப்பாகச் சுற்றிக்கொள்ளலாம், சிவப்பு வெளிச்சம் கண்ணை அவ்வளவாகக் கெடுக்காது. கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருந்தால் பிள்ளைகளை மாடியின் நடுவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அண்ணாந்தபடி பின்னால் நடப்பது அவர்களுக்குப் பழக்கம்.

டெலஸ்கோப் வாங்கணுமா?

வேண்டாம். தொலைநோக்கி வானத்தில் ஒரு பொட்டு இடத்தைத்தான் காட்டும், விண்மீன் கூட்டமோ, கையை நீட்டி முட்டியை மடக்கிப் பார்த்தால், பல கைமுட்டி அகலம். உருவங்களைப் பழகுவதற்கு வெறும் கண்ணைவிட நல்ல கருவி கிடையாது. ஒரு வருடம் கழித்தும் ஆசை குறையாமல் இருந்தால் 7×50 பைனாகுலர் ஒன்று வாங்கலாம்.

சரி, முதல்ல எதைக் காட்டுறது?

வேட்டைக்காரன், அதாவது ஓரியன். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. நான்கு மூலையில் நான்கு நட்சத்திரம், நடுவில் இடுப்புவார் மாதிரி வரிசையாக மூன்று. ஒரு முறை பார்த்தால் மறக்காது. பிப்ரவரி நடுவில் இரவு எட்டு, எட்டேகால் மணிக்கு நம் தலைக்கு மேலேயே, உச்சியிலிருந்து சற்றுத் தெற்கே தள்ளி நிற்கும். டிசம்பரில் அதே நேரத்தில் கிழக்கில் இருக்கும், ஏப்ரலில் மேற்கில் இறங்கிக்கொண்டிருக்கும்.

இதை முதலில் வைப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. வடக்குப் பக்கத் தோளில் இருக்கும் திருவாதிரை நட்சத்திரம் செம்மஞ்சள். எதிர்மூலையில் காலடியில் இருக்கும் ரைஜல் நீலம் கலந்த வெள்ளை. நட்சத்திரத்துக்கு நிறம் உண்டு என்பதை வெறும் கண்ணால் காட்ட இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது. கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவந்து, சூடு ஏற ஏற வெள்ளையாவதைச் சொன்னால், எது அதிகச் சூடு என்பதைப் பிள்ளையே சொல்லிவிடும். திருவாதிரையின் மேற்பரப்பு ஏறக்குறைய 3,500 கெல்வின், ரைஜல் 12,000 கெல்வின் அளவில்.

இடுப்புவாரில் இருக்கும் மூன்றும் வழிகாட்டிப் பலகை. அந்தக் கோட்டைத் தென்கிழக்கே நீட்டினால் இரவு வானத்திலேயே மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ். வடமேற்கே நீட்டினால் சிவந்த ரோகிணி, அதற்கும் அப்பால் கொத்தாகக் கார்த்திகை. இடுப்புவார் வானத்தின் நடுக்கோட்டிலேயே (பூமியின் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலான கோடு) இருப்பதால், அது எழும் இடம் ஏறக்குறைய நேர் கிழக்கு, மறையும் இடம் நேர் மேற்கு. எங்கள் மாடியில் திசை சொல்லிக்கொடுத்தது இந்த மூன்றுதான்.

எந்த மாசம் பார்க்க நல்லா இருக்கும்?

தை, மாசி, பங்குனி. வடகிழக்குப் பருவமழை முடிந்து வானம் கழுவிவிட்டது போல இருக்கும், வேட்டைக்காரனும் நல்ல உயரத்தில் இருப்பான். அடுத்தது மே மாதம். பள்ளி விடுமுறை, எப்படியும் மாடியில்தான் தூக்கம். அப்போது சப்தரிஷி மண்டலம் வடக்கே, சுவாதி உச்சிக்குப் பக்கத்தில், தென்கிழக்கில் தேள். ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்டால்தான் உண்டு, பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

நான் விரல் நீட்டினா, பிள்ளை வேற எதையோ பாக்குது.

உங்கள் கண்ணிலிருந்து பார்த்தால்தான் உங்கள் விரல் அந்த நட்சத்திரத்தைத் தொடும். ஒரு முழம் தள்ளி நிற்கும் பிள்ளைக்கு அது வேறெங்கோ காட்டும். மண்டியிட்டுப் பிள்ளையின் உயரத்துக்கு வாருங்கள். கன்னத்தோடு கன்னம் வைத்து, பிள்ளையின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டுங்கள். கையில் ஒரு தென்னங்குச்சி இருந்தால் இன்னும் நல்லது. பத்துப் பேர் இருந்தால் பத்து முறை குனியத்தான் வேண்டும்.

பச்சை லேசர் வேண்டாம். அழகாகத்தான் இருக்கும், ஆனால் பிள்ளை அதை வாங்கி அடுத்தவர் கண்ணில் அடிக்க ஒரு நொடி போதும். விமானத்தை நோக்கி அடித்தால் விமானியின் கண் கூசும்.

அப்போ சரி சரின்னு சொல்றான், மறுநாள் கேட்டா மறந்துடறான்.

நீங்கள் காட்டியிருப்பீர்கள், அவன் காட்டியிருக்க மாட்டான். அடுத்த முறை வேறு ஒரு பிள்ளைக்கு அவனைக் காட்டச் சொல்லுங்கள். உண்மையிலேயே பார்த்தானா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

எங்கள் தெருவில் இன்னொன்று செய்கிறோம். மறுநாள் காலையில் வாசலில் கோலப்பொடியால் புள்ளி வைப்பது. பிரகாசமான நட்சத்திரத்துக்குப் பெரிய புள்ளி, மங்கலானதற்குச் சின்னப் புள்ளி. அப்புறம் கோடு. நினைவிலிருந்துதான் வைக்க வேண்டும், படத்தைப் பார்க்கக்கூடாது. தப்பாக வைத்தால் திருத்த வேண்டாம், அன்றிரவு மாடிக்குப் போனால் அவர்களே "ஐயையோ, இந்தக் கால் இங்க இல்லை" என்பார்கள். புள்ளிக் கோலம் போட்டுப் பழகிய பெண்பிள்ளைகள் இதில் பையன்களைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

காலண்டர்ல போட்டிருக்கிற நட்சத்திரமும் வானத்துல இருக்கிறதும் ஒண்ணா?

ஒன்றுதான், அதனால்தான் தேதி கிழிக்கும் காலண்டரை நான் வானப் பாடப்புத்தகம் என்பேன். "இன்று ரோகிணி" என்று போட்டிருந்தால், நிலா இன்று வானத்தில் ரோகிணியின் பகுதியில் இருக்கிறது என்று பொருள். நிலா 27.3 நாளில் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது. அந்தப் பாதையை 27 சம பங்காக வெட்டி, ஒவ்வொரு பங்குக்கும் அங்கேயோ அதை ஒட்டியோ இருந்த நட்சத்திரத்தின் பெயரை வைத்தார்கள். நாளுக்கு ஒரு வீடு.

ஐந்து பெயரை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: கார்த்திகை, ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை. இந்த ஐந்தும் நிலா போகும் பாதைக்கு மிக அருகில் இருப்பவை. காலண்டரில் இந்தப் பெயர் வரும் நாளில், அல்லது ஒரு நாள் முன்னே பின்னே, நிலாவுக்குப் பக்கத்தில் தேடினால் கிடைத்துவிடும். சுவாதி, திருவோணம் நாட்களில் இந்த வித்தை பலிக்காது. அந்த நட்சத்திரங்கள் நிலாப் பாதையிலிருந்து வடக்கே மூன்று கைமுட்டி தள்ளி இருக்கின்றன. (கையை முழுக்க நீட்டி முட்டியை மடக்கிப் பார்த்தால், வானத்தில் அதன் அகலம் சுமார் 10 பாகை. பிள்ளையின் முட்டி சின்னது, கையும் குட்டை, அதனால் கணக்கு அவர்களுக்கும் அதேதான்.)

திருவிழாக்களும் இதே கணக்குத்தான். தைப்பூசம், மாசிமகம், பங்குனி உத்திரம், வைகாசி விசாகம் எல்லாம் அந்த மாதப் பௌர்ணமியை ஒட்டி நிலா எந்த நட்சத்திரத்தில் நிற்கிறது என்பதன் பெயர். கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழியில் பிள்ளையை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள்.

எங்க பாப்பா நட்சத்திரம் சதயம். அதைக் காட்டுங்களேன்.

தன் நட்சத்திரத்தைப் பார்க்க ஆசைப்படாத பிள்ளையே கிடையாது. திருவாதிரை, ரோகிணி, சித்திரை, சுவாதி என்றால் பிரச்சினை இல்லை. சதயம், பூசம், ஆயில்யம், ரேவதி என்றால் எனக்குக் கொஞ்சம் சங்கடம். அவை மங்கலானவை, ஊருக்குள் தெரிவது கஷ்டம். சதயக்காரர்களிடம் ராஜராஜ சோழனும் சதயம்தான், தஞ்சாவூரில் இன்றும் சதய விழா எடுக்கிறார்கள் என்று சொல்லி, இருட்டான ஊருக்குப் போகும்போது காட்டுவதாகக் கடன் வைத்துக்கொள்வேன்.

இன்னொரு ஆறுதலும் உண்டு. நிலா மாதம் ஒரு முறை அவரவர் நட்சத்திரத்துக்கு விருந்துக்கு வரும். காலண்டரைப் பார்த்து அந்த நாளுக்குக் காத்திருப்பது பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

கார்த்திகையில ஆறா, ஏழா? எனக்கு ஒரு பஞ்சுப் பொட்டு மாதிரிதான் தெரியுது.

சங்கப் பாடல்களே அதை அறுமீன் என்கின்றன. முருகனை வளர்த்த கார்த்திகைப் பெண்களும் ஆறு பேர். மேற்கே ஏழு சகோதரிகள் என்பார்கள். நல்ல கண்ணுக்கு, நல்ல இருட்டில், பெரும்பாலானவர்களுக்கு ஆறு தெரியும். உண்மையில் அது நூற்றுக்கணக்கான நட்சத்திரங்கள் உள்ள ஒரு கொத்து, சுமார் 440 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது (ஒளி ஒரு வருடத்தில் போகும் தூரம்தான் ஓர் ஒளியாண்டு).

நேராக முறைத்துப் பார்த்தால் பஞ்சாகத்தான் தெரியும். சற்றுத் தள்ளி வேறொரு இடத்தைப் பார்த்தபடி கடைக்கண்ணால் கவனியுங்கள், தெளிவாகும். மங்கலான வெளிச்சத்தை விழித்திரையின் நடுவைவிட ஓரம் நன்றாக உணர்கிறது. திருக்கார்த்திகை அன்று முழுநிலா பக்கத்திலேயே இருப்பதால் அறுமீன் அந்த வெளிச்சத்தில் அமுங்கிப்போகும். கட்டைவிரலால் நிலாவை மறைத்துக்கொண்டு தேடச் சொல்லுங்கள். தீபம் ஏற்றிய கையோடு இது ஒரு விளையாட்டு.

தமிழ்ப் பேரைச் சொல்றதா, இங்கிலீஷ் பேரைச் சொல்றதா?

வீட்டில் எது புழங்குகிறதோ அது முதலில். திருவாதிரைக் களி சாப்பிட்ட பிள்ளைக்குத் திருவாதிரை என்றால் உடனே ஒட்டிக்கொள்கிறது, பெட்டல்ஜூஸ் இரண்டாம் நாள் வந்தால் போதும். பள்ளிக்கும் இணையத்தில் தேடவும் அந்தப் பெயரும் வேண்டும்தான்.

உருவங்கள் ஊருக்கு ஊர் மாறும் என்பதையும் சொல்லிவிடுங்கள். கிரேக்கர்கள் வேட்டைக்காரனாகப் பார்த்த இடத்தில் நம் மரபு மானைப் பார்த்தது. அவனுடைய தலை நம்மிடம் மிருகசீரிடம், அதாவது மான் தலை. வேடன் வேறு ஆள், அது சிரியஸ். தேளை ஹவாய்த் தீவுக்காரர்கள் தூண்டில் முள் என்றார்கள். எங்கள் தெருவில் ஒருத்தி அதை ஆட்டோ ஹாரன் என்றாள். அது தேள் என்று நான் திருத்தவில்லை, இரண்டு பெயரும் நடப்பில் இருக்கின்றன.

இது கோளா, நட்சத்திரமான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நட்சத்திரம் மினுங்கும், கோள் பெரும்பாலும் நிதானமாக எரியும். அடிவானத்துக்கு அருகில் இரண்டுமே துடிக்கும், அங்கே இந்த விதியை நம்பாதீர்கள். படத்தில் இல்லாத பெரிய நட்சத்திரம் ஒன்று உங்கள் விண்மீன் கூட்டத்துக்குள் நுழைந்திருந்தால் அது அநேகமாக வியாழன், செவ்வாய் அல்லது சனி. கோள்கள் நிலா போகும் பாதையை ஒட்டித்தான் வரும், சப்தரிஷி மண்டலத்துக்குள் ஒருபோதும் வராது.

மின்னாமல் விளக்கைப்போல நாலைந்து நிமிடத்தில் வானத்தைக் கடந்தால் செயற்கைக்கோள், ரொம்பப் பிரகாசமாக இருந்தால் சர்வதேச விண்வெளி நிலையமாக இருக்கலாம். மணி கோத்தது போல வரிசையாகப் போனால் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். அதைப் பார்த்துவிட்டு ஒரு தாத்தா கீழே இறங்க மறுத்துவிட்டார்.

போன்ல ஆப் இருக்கே, அது போதாதா?

உங்களுக்குப் போதும், பிள்ளைக்குப் போதாது. ஸ்டெல்லேரியம் நல்ல செயலி. மாலையில் கீழே உட்கார்ந்து அன்றைக்கு என்ன தெரியும் என்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். மாடிக்குப் போகும்போது போனைப் பையில் போட்டுவிடுங்கள். போனைத் தூக்கிப் பிடித்தால் பிள்ளை வானத்தைப் பார்க்காது, போனில் இருக்கும் வானத்தைத்தான் பார்க்கும். கண் இருட்டுக்குப் பழகுவது பற்றி மேலே சொன்னதும் வீணாகும்.

இந்த நட்சத்திர வரைபடத்துல கிழக்கும் மேற்கும் மாத்தி அச்சடிச்சிருக்காங்களே?

மாற்றி அச்சடிக்கவில்லை. தரையின் வரைபடத்தை நாம் மேலிருந்து குனிந்து பார்க்கிறோம். வானத்தின் வரைபடத்தைக் கீழிருந்து நிமிர்ந்து பார்க்கிறோம். பாயில் மல்லாக்கப் படுத்து, படத்தைத் தலைக்கு மேல் தூக்கி, வடக்கை வடக்கோடு பொருத்துங்கள். கிழக்கு தானாகக் கிழக்குக்குப் போய்விடும். முதல் முறை எனக்கும் இதே சந்தேகம் வந்து, புத்தகக் கடையில் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன்.

போன மாசம் எட்டு மணிக்கு அங்க இருந்துச்சு, இப்ப இல்லையே?

ஒவ்வொரு நட்சத்திரமும் தினமும் நான்கு நிமிடம் முன்னதாக எழும். மாதத்துக்கு இரண்டு மணி நேரம். பன்னிரண்டு மாதத்துக்கு 24 மணி நேரம், அதாவது ஒரு வருடம் கழித்து அதே மணிக்கு அதே இடம். பூமி சூரியனைச் சுற்றுவதால் இரவு வானம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. பிள்ளைக்கு வாயால் சொல்வதைவிட, ஒரே இடத்தில் நின்று பக்கத்து வீட்டுத் தென்னை மரத்துக்கு நேராக ஒரு நட்சத்திரம் வரும் நேரத்தை வாரம் ஒரு முறை சுவரில் எழுதச் சொல்லுங்கள். நான்கு வாரம் போதும், அதுவே கணக்குப் போட்டுவிடும்.

துருவ நட்சத்திரத்தைத் தேடித் தேடிப் பார்த்தாச்சு. கிடைக்கவே இல்லை.

இரண்டு காரணம். ஒன்று, அதுதான் வானத்திலேயே பிரகாசமானது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அது இரண்டாம் தரப் பிரகாசம்தான், வேட்டைக்காரனின் இடுப்புவார் அளவுக்கு இருக்கும். இரண்டு, நீங்கள் மேலே தேடியிருப்பீர்கள். துருவ நட்சத்திரத்தின் உயரம் உங்கள் ஊரின் அட்சரேகைக்குச் சமம். லண்டனில் பாதி வானத்துக்கு மேல். சென்னையில் 13 பாகை, மதுரையில் 10, கன்னியாகுமரியில் 8. நமக்கு ஒரு கைமுட்டி உயரம், அவ்வளவே. எதிர்வீட்டு மாடியே மறைத்துவிடும். வெளிநாட்டுப் புத்தகங்கள் துருவ நட்சத்திரத்தில்தான் பாடத்தைத் தொடங்கும், நமக்கு அது சரிப்படாது.

மார்ச் முதல் ஜூலை வரை சப்தரிஷி மண்டலம் வடக்கே தெரியும்போது தேடுங்கள். அது நம் ஊரில் கவிழ்த்துத் தொங்கவிட்ட கரண்டி. கரண்டிக் கிண்ணத்தின் முன்விளிம்பில் இருக்கும் இரண்டு நட்சத்திரங்களை இணைத்து, அந்தத் தூரத்தைப்போல ஐந்து மடங்கு கீழே வந்தால் துருவம். கரண்டிக் காம்பின் வளைவை எதிர்ப்பக்கம் நீட்டினால் சுவாதி, இன்னும் நீட்டினால் சித்திரை. எனக்கு இந்த இரண்டாவது வழிதான் அதிகம் பயன்படுகிறது.

அருந்ததி எது? கல்யாணத்துல காட்டினாங்க, எனக்கு ஒண்ணும் தெரியலை.

முகூர்த்தம் காலை ஒன்பது மணிக்கு என்றால் யாருக்கும் தெரியாது, ஐயர் கை காட்டிய திசையைப் பார்த்துத் தலையாட்டுவதுதான் வழக்கம். இரவில் பாருங்கள். கரண்டிக் காம்பின் மூன்று நட்சத்திரங்களில் நடுவில் இருப்பது வசிஷ்டர், அதை ஒட்டி மங்கலாக இருப்பது அருந்ததி. சங்க இலக்கியம் வடமீன் என்று கற்புக்கு உவமை சொல்வது இதைத்தான். நல்ல இருட்டில் மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்து ஒரு பிள்ளைக்கு மட்டும் தெரியவில்லை என்றால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். எங்கள் மாடியிலிருந்து இரண்டு பேர் கண்ணாடி போட்டிருக்கிறார்கள்.

தெற்குப் பக்கம் ஒண்ணும் விசேஷம் இல்லையா?

இருக்கிறது, டெல்லிக்காரர்களுக்கு இவ்வளவு நன்றாகக் கிடைக்காத விசேஷம். பிப்ரவரியில் இரவு ஒன்பது மணிக்கு சிரியஸிலிருந்து நேர் தெற்கே மூன்றரைக் கைமுட்டி இறங்குங்கள். அங்கே பிரகாசமாகத் தனியாக நிற்பது அகத்திய நட்சத்திரம், வானத்தின் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரம்.

மே நடுவில் ஒன்பது மணி வாக்கில் தெற்கு அடிவானத்துக்கு மேல் இரண்டு கைமுட்டிக்குள், சாய்ந்த பட்டம் போல நான்கு நட்சத்திரம் தெரியும். அதுதான் தென்சிலுவை, நம் மரபில் திரிசங்கு. மார்ச், ஏப்ரலில் அதேபோல இன்னொரு பெரிய போலிச் சிலுவை முன்னால் வந்து ஏமாற்றும். அசலுக்கு இடப்பக்கம் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் காவல் நிற்கும். அந்த இரண்டில் தள்ளி இருப்பது ஆல்பா சென்டாரி, 4.4 ஒளியாண்டு, சூரியனை விட்டால் நம் கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களில் மிக அருகில் இருப்பது. துருவத்தையும் தென்சிலுவையையும் ஒரே மாடியில் நின்று பார்க்கும் கொடுப்பினை நமக்கு இருக்கிறது.

பாட்டி நாலாம் பிறை பாக்கக் கூடாதுங்கிறாங்க. அன்னைக்கு மாடிக்குப் போகலாமா?

நாலாம் பிறை பார்த்தால் நாய் படாத பாடு என்று அவரும் சொல்கிறாரா? பாட்டியோடு சண்டைக்குப் போக வேண்டாம். அன்றைய பிறை ஒன்பதரை மணி வாக்கில் மேற்கே மறைந்துவிடும். அதுவரை கிழக்கைப் பார்த்து உட்காருங்கள். அதே பாட்டி மூன்றாம் பிறை பார்த்தால் நல்லது என்றும் சொல்வார், அதற்கு முதல் நாள் அவரையும் மாடிக்குக் கூட்டிப்போய்விடுங்கள்.

வேட்டைக்காரனும் தேளும் ஒரே நேரத்துல வானத்துல இருக்காதாமே?

தேள் கொட்டிச் செத்த வேட்டைக்காரன் அது எழும்போது ஓடி ஒளிகிறான் என்று கிரேக்கக் கதை உண்டு. இரண்டும் வானத்தின் எதிரெதிர்ப் பக்கத்தில் இருப்பதால் கதை ஏறக்குறைய சரி. ஆனால் நம் ஊரில் சின்ன ஓட்டை இருக்கிறது. தேள் தென்வானத்தைச் சேர்ந்தது. தெற்கே போகப்போக அது சற்று முன்னதாகவே எழும். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் இரவு ஒன்பதரை வாக்கில், இரண்டு பக்கமும் மறைப்பில்லாத இடத்தில் நின்றால், மேற்கே திருவாதிரை இறங்கிக்கொண்டிருக்கும், தென்கிழக்கில் தேளின் நெஞ்சான கேட்டை தலைகாட்டியிருக்கும். இரண்டுமே சிவப்பு. அடிவானத்துப் புழுதியில் நான்கு வருடம் முயன்று ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன்.

பையனுக்கு விருச்சிக ராசி. தேளைக் காட்டி "இதான் உன் ராசி"ன்னு சொல்லலாமா?

சொல்லலாம். நம் வழக்கத்தில் ராசி என்பது பிறந்தபோது நிலா இருந்த இடம். பத்திரிகையில் பிறந்த தேதியை வைத்துப் போடும் மேற்கத்திய ராசி சூரியனை வைத்தது. ஒரே பிள்ளைக்கு இரண்டு ராசி வருவது அதனால்தான்.

கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால் அடுத்த கேள்வி வரும்: பதின்மூன்றாவது ராசி என்கிறார்களே? ராசி என்பது 30 பாகை கொண்ட சம பங்கு, விண்மீன் கூட்டம் அப்படியில்லை. 1930இல் வரையறுத்த எல்லைகளின்படி சூரியன் 13 கூட்டங்களைக் கடக்கிறது. தேளில் ஒரு வாரம்தான் இருக்கிறது. நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் நடுவரை பாம்பாட்டி என்ற கூட்டத்தில் இருக்கிறது. எல்லைக்கோட்டை நாம் எங்கே போட்டோம் என்பதைப் பொறுத்த விஷயம் இது. பலன் பற்றிய விவாதத்தை நான் மாடியில் வைத்துக்கொள்வதில்லை, அதற்குள் மேகம் வந்துவிடும்.

ஒரு கூட்டத்துல இருக்கிற நட்சத்திரம் எல்லாம் பக்கத்துல பக்கத்துல இருக்கா?

பெரும்பாலும் இல்லை. கொடியில் வேறுவேறு நீளத்தில் நூல் கட்டி மணிகளைத் தொங்கவிட்டு, முன்னும் பின்னுமாக நகர்த்தி வையுங்கள். ஓரிடத்தில் நின்று பார்த்தால் அது வேட்டைக்காரன். இரண்டடி தள்ளி நின்றால் உருவம் கலைந்துவிடும். விதிவிலக்கும் உண்டு. சப்தரிஷிகளில் நடுவில் உள்ள ஐந்து நட்சத்திரங்கள் உண்மையிலேயே ஒரே குடும்பம், சேர்ந்தே நகர்கின்றன, சுமார் 80 ஒளியாண்டு தூரம். இரண்டு ஓரத்திலும் இருப்பவை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல.

"நாம பாக்குற நட்சத்திரம் எல்லாம் எப்பவோ செத்துப் போயிருக்கும்"னு பொண்ணு அழறா. என்ன சொல்றது?

அழ வேண்டாம் என்று சொல்லுங்கள், கணக்கு அவள் பக்கம் இல்லை. வெறும் கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்கள் அநேகமாக எல்லாமே சில ஆயிரம் ஒளியாண்டுக்குள் இருப்பவை. அவற்றின் ஆயுளோ பல லட்சம் வருடத்திலிருந்து பல நூறு கோடி வருடம் வரை. நாம் பார்ப்பது பழைய வெளிச்சம்தான், ஆனால் அனுப்பியவர் ஏறக்குறைய நிச்சயமாக இன்னும் இருக்கிறார். வயதான திருவாதிரை வேண்டுமானால் ஒருநாள் வெடிக்கும். 2019 கடைசியிலிருந்து சில மாதம் அது மங்கியபோது உலகமே கவனித்தது. கடைசியில், அது கக்கிய தூசிதான் மறைத்தது என்று தெரிந்தது.

பழைய வெளிச்சத்தைப் பிறந்தநாள் பரிசாக மாற்றிவிடலாம். சிரியஸ் 8.6 ஒளியாண்டு. எட்டு வயது ஏழு மாதம் ஆகும் அன்று அதைக் காட்டுங்கள், பிள்ளை பிறந்த நேரத்தில் கிளம்பிய வெளிச்சம் அன்றுதான் அதன் கண்ணுக்கு வந்து சேர்கிறது. திருவோணம் 17, அக்காவுக்கு. சுவாதி 37, அது எங்கள் தெருவில் ஒரு அம்மாவுக்குச் சரியாக வந்தது. மகள் காட்டக் காட்ட அவர் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார், கீழே அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.